ஒரு சேவலுக்கு 14 மணி நேரம்

எங்கள் அப்பா டெய்லர். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் 31 வருடம் கடை வைத்திருந்தார். யார் எந்தத் துணியை நீட்டினாலும் முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பார். “முன்பக்கத்த எவனும் நல்லாத்தான்டா வச்சிருப்பான்” என்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டியிருக்கிறது என்பது 2018-இல், மெக்சிகோவில், கெரேத்தாரோ நகரத்துச் சதுக்கம் ஒன்றில்தான் தெரியவந்தது.

கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் இரண்டு வருட வேலைக்காகப் போயிருந்தேன். மனைவியும் மகளும் மதுரையில். ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்ன செய்வதென்று தெரியாது. பழைய நகரத்துச் சதுக்கங்களில் போய் உட்கார்ந்துகொள்வேன். அமெயால்கோ பக்கத்திலிருந்து வரும் ஓத்தோமி இனப் பெண்கள், தலை நிறைய ரிப்பன் கட்டிய துணிப் பொம்மைகளைப் பரப்பி வைத்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு நாள், வயதான அம்மா ஒருவர் வெள்ளைத் துணி ஒன்றை விரித்திருந்தார். துணி முழுக்க மிருகங்கள். நீல மான், ஆரஞ்சு முயல், வாலுக்குள் பூ பூத்த பறவை, நாயா நரியா என்று சொல்ல முடியாத ஒன்று. நிழல் கிடையாது, தூரம் கிடையாது, எது மேல் எது கீழ் என்பதும் கிடையாது. எல்லாம் அடர்த்தியாக நூலால் நிரப்பித் தைத்தவை.

“வாங்க க்வெரித்தோ, பாருங்க” என்றார். க்வெரோ என்றால் வெள்ளைத் தோல்காரன். மெக்சிகோச் சந்தைகளில் வாங்க வருகிற எல்லாருக்கும் அந்தப் பட்டம் உண்டு. எனக்கு அப்போது தெரியாததால், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

துணியைத் திருப்பினேன். பின்பக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு மிருகத்தின் ஓரத்தையும் சின்னச் சின்னப் புள்ளிக்கோடுகள் சுற்றி வந்தன, அவ்வளவுதான். முன்னால் கொழுகொழுவென்று இருந்த நீல மான், பின்னால் வெறும் எலும்புக்கூடு. முடிச்சு தேடினேன், கண்ணுக்கு எளிதில் அகப்படவில்லை. ஒரு மிருகத்திலிருந்து அடுத்ததற்குத் தாவிப்போன நூலும் இல்லை. அந்த அம்மா சிரித்தார். பின்பக்கம் பார்க்கிற வாடிக்கையாளர்கள் குறைவு போல.

900 பெசோ என்றார். அப்போது ஒரு பெசோ நம் காசில் மூன்றரை ரூபாய் சொச்சம். நான் 600 என்றேன். 700-க்கு முடிந்தது. சிவப்புக் கைக்குட்டை ஒன்றில் சுற்றி வைத்திருந்த மற்றத் துணிகளோடு ஒப்பிட்டு, என்னுடையதுதான் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

(அந்தச் சிவப்புக் கைக்குட்டைக்கு அங்கே பெயர் பாலியகாத்தே. மெக்சிகோ விடுதலைப் போரின் தளபதி மொரெலோஸ் எந்தப் படத்திலும் தலையில் கட்டியிருப்பாரே, அது. போர்த்துக்கீசியர் நம் பழவேற்காட்டை அழைத்த பெயர் பாலியகாத்தே. அங்கிருந்து கப்பலேறிய கைக்குட்டைத் துணியோடு பெயரும் போய்ச் சேர்ந்தது என்பது பலரின் கருத்து. மெக்சிகோவின் பழங்குடி மொழியான நவாத்தின் சொல் என்பாரும் உண்டு. எனக்கு எந்தப் பக்கம் சாயத் தோன்றும் என்று சொல்ல வேண்டியதில்லை.)

அன்று இரவு வாட்ஸப்பில் அப்பாவுக்குப் படம் அனுப்பினேன், முன்பக்கமும் பின்பக்கமும். வீடியோவில் கூப்பிட்டார். “நூல எப்படி மிச்சம் பிடிச்சிருக்கா பாரு” என்றார். அப்புறம் விலை கேட்டார். சொன்னேன். பேரம் பேசினதையும் பெருமையாகச் சொன்னேன்.

“கூலியக் கொறைச்சியா?” என்றார். அவ்வளவுதான். பேச்சை மாற்றிவிட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் 31 வருடம் இருக்கிறது. இரண்டாயிரம் ரூபாய்ச் சேலையை விலை பேசாமல் வாங்கி வந்து, ஜாக்கெட் தையல் கூலியில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்பவர்களைப் பார்த்தே நான் வளர்ந்தேன். அவர்கள் போன பிறகு அப்பா எதுவும் சொல்ல மாட்டார். மெஷினை மட்டும் கொஞ்சம் வேகமாக மிதிப்பார்.

அந்தத் துணிக்குப் பெயர் தெனாங்கோ. இதால்கோ மாநிலத்தின் கிழக்கு மலையில், மூடுபனி சூழ்ந்த தெனாங்கோ தே தோரியா என்ற ஊர்ப் பெயர்தான் துணிக்கும் பெயர். மெக்சிகோவின் ஆதி கைவினை என்று சொல்லி விற்பார்கள். ஆனால் இந்த வடிவத்துக்கு என் பெரிய மாமாவின் வயதுதான். 1960களில் அந்த மலையில் கடும் வறட்சி. சோளக்காடு பொய்த்துப் போக, சான் நிக்கோலாஸ் என்ற சிற்றூரையும் சுற்று வட்டாரத்தையும் சேர்ந்த ஓத்தோமிப் பெண்கள், தங்கள் ரவிக்கையிலும் தோள்துணியிலும் போட்டுவந்த பூத்தையலைத் தனித் துணியில் பெரிதாகப் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். உருவங்கள் மலையில் இருந்தன: கோழி, மான், காட்டுச்செடி, சடங்கு, பேய் பிசாசு. தையல் கையில் இருந்தது. புதிது என்பது விற்பனை மட்டும்தான்.

இன்றும் வேலை இரண்டு பேருடையது. ஒருவர் மாந்தா என்ற சாதாரணப் பருத்தித் துணியில் உருவங்களைப் பேனாவால் வரைந்து தருவார். இன்னொருவர் தைப்பார். வரைகிறவருக்குத் தனிக் காசு. தைக்கிறவர் சமையலுக்கும் வயலுக்கும் குழந்தைக்கும் இடையில் தைப்பார். ஒரு கட்டில் விரிப்பு அளவு துணி மாதக்கணக்கில் கைமாறிக் கைமாறி வீட்டுக்குள் கிடக்கும்.

கேட்டால் எளிதாகத்தான் இருக்கிறது. எனக்கும் ஒரு திமிர் வந்தது. டெய்லர் மகன்தானே, ஒரு சேவல் தைத்துப் பார்ப்போமே என்று.

நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா பச்சூக்காக்காரர், அதாவது இதால்கோவின் தலைநகரத்துக்காரர். அவருக்கு அந்தத் தையல் தெரியும். பெயர் பாத்தா தே காயோ, ‘சேவல் கால்’. பொருத்தம்தான். நம் ஊர்த் தையல் வகுப்புகளில் ஹெர்ரிங்போன் என்று சொல்லித்தருவதை நெருக்கி நெருக்கிப் போட்டால் இது வரும். ஷேடோ வொர்க் தெரிந்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லலாம்: அதையே திருப்பிப் போட்டது. மெல்லிய துணியில் ஷேடோ வொர்க் போடும்போது குறுக்கு நூல் முழுவதும் பின்னால் போய் நிழலாகத் தெரியும், முன்னால் இரண்டு ஓரக்கோடு மட்டும் நிற்கும். தெனாங்கோவில் குறுக்கு நூல் முழுவதும் முன்னால், ஓரக்கோடு பின்னால்.

ஊசி எப்படி நடக்கிறது என்றால், இடது ஓரத்தில் ஒரு நெல்மணி நீளம் துணியைக் கொத்தி எடுக்க வேண்டும். நூலைக் குறுக்கே இழுத்து வலது ஓரத்தில் ஒரு கொத்து. மறுபடி இடது. ஊசி பின்பக்கம் போவது அந்த ஒரு நெல்மணி தூரம்தான். சாட்டின் தையலில் இப்படிக் கிடையாது. முன்னால் எவ்வளவு நூல் தெரிகிறதோ அவ்வளவு பின்னாலும் போய் யாரும் பார்க்காமல் கிடக்கும். சோளம் பொய்த்த வருடத்தில் நூலைக் காசு கொடுத்து வாங்கித் தைக்கும் பெண்ணுக்கு அந்தப் பாதி நூல் பெரிய விஷயம். எண்ணி எண்ணிப் போடும் குறுக்குத்தையலை (கிராஸ் ஸ்டிட்ச்) விட இடமும் சீக்கிரம் நிரம்பும்.

என் சேவல் உள்ளங்கை அகலம். கொண்டை சிவப்பு, உடம்பு மஞ்சள், வால் பச்சை. முதல் நாள் கொண்டையை மூன்று முறை பிரித்தேன். நூலைக் கொஞ்சம் இழுத்தால் துணி சுருங்குகிறது, கொஞ்சம் விட்டால் தொளதொளவென்று நிற்கிறது. வளைவு வரும் இடத்தில் கொத்தின் நீளத்தை ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் குறைக்க வேண்டும். இதை யாரும் சொல்லித்தர முடியாது, விரல் கற்றுக்கொள்ள வேண்டும். வீட்டுக்கார அம்மா தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டே என் துணியை எட்டிப் பார்ப்பார். “அது சேவல் இல்ல, நோயாளி” என்று ஒரு நாள் சொன்னார். 11 சாயங்காலம் ஆயிற்று. வேலை பார்த்த நேரத்தைக் கம்பெனிப் பழக்கத்தில் குறித்து வைத்திருந்தேன். ஏறத்தாழ 14 மணி நேரம்.

அப்புறம்தான் அந்தக் கணக்கு மூளைக்குள் நுழைந்தது. வாங்கிய துணியை எடுத்து எண்ணினேன். 23 உருவங்கள், பெரும்பாலும் என் சேவல் அளவு. அந்த அம்மா என்னைவிட நான்கு மடங்கு வேகம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு உருவத்துக்கு மூன்றரை மணி. மொத்தம் 80 மணி நேரம். எட்டு மணி நேர நாளாகப் பார்த்தால் 10 நாள். அந்த வருடம் மெக்சிகோவில் சட்டப்படியான குறைந்தபட்ச நாள்கூலி 88.36 பெசோ. பத்து நாளுக்கு 883 பெசோ சொச்சம். துணி, நூல், வரைந்தவர் காசு, பஸ் கட்டணம் எதுவும் இதில் சேரவில்லை.

அவர் கேட்டது 900. அதில் 200 குறைத்தவன் நான்.

இது சமையலறைக் கணக்குதான். அவர் என்னைவிட ஆறு மடங்கு வேகமாக இருக்கலாம். தைத்தது அவரே இல்லாமல் அவர் மருமகளாக இருக்கலாம், அல்லது அவரே வியாபாரியாக இருந்து தைத்தவருக்கு இன்னும் குறைவாகக் கொடுத்திருக்கலாம். எப்படிப் போட்டாலும் கணக்கு என் பக்கம் சாயவில்லை. அடுத்த நான்கு ஞாயிறும் அந்தச் சதுக்கத்துக்குப் போனேன். அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதும் தெரியாது. கூப்பிட்டு 200 பெசோ நீட்டினால் அதுவும் ஒரு மாதிரியான அவமானம்தானே.

இப்போது இந்தியாவிலும் இணையக் கடைகளில் தெனாங்கோ உருவம் போட்ட தலையணை உறை கிடைக்கிறது. பெரும்பாலும் அச்சு. பக்கத்தில் பச்சை இலை போட்டு ‘சஸ்டெய்னபிள்’ என்று ஒரு வார்த்தை. நம் தமிழில் இதற்கு நீடித்த, நிலைத்த என்றெல்லாம் மொழிபெயர்ப்பு உண்டு. எனக்குப் பிடித்தது தாக்குப்பிடிப்பது. அதைச் சொன்னால் உடனே அடுத்த கேள்வி வந்துவிடும்: யார் தாக்குப்பிடிப்பது?

நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி வேறு. சாயம் இயற்கையா, நூல் பருத்தியா. நானும் கேட்டேன். பதில் ஏமாற்றம்தான். தெனாங்கோவில் போகிற நூல் கடையில் வாங்கும் ஆலை நூல். அந்த நீலமும் ஆரஞ்சும் ஆய்வகச் சாயம். இயற்கைச் சாயம் பார்க்க வேண்டுமென்றால் ஒஹாக்கா மாநிலத்துக்குப் போ என்றார்கள். போனேன்.

தெயோத்தித்லான் தெல் வாயே என்ற ஊரில் கம்பள நெசவாளர்கள் அதைக் கண்முன் செய்து காட்டுவார்கள். நோப்பால் கள்ளியில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பூஞ்சை மாதிரி ஒன்றைச் சுரண்டி உள்ளங்கையில் வைத்து நசுக்கினால் இரத்தம் போல் வழிகிறது. கொச்சினீல் பூச்சி. எலுமிச்சைச் சாறு பிழிந்தால் ஆரஞ்சு, சோடா மாவு தூவினால் ஊதா. ஒரு பவுண்டு சாயத்தூளுக்கு ஏறத்தாழ 70,000 பூச்சி வேண்டும். ஸ்பெயின் ஆண்ட காலத்தில் வெள்ளிக்கு அடுத்தபடியாக மெக்சிகோவிலிருந்து கப்பலேறிய பெரிய பொருள் இதுதான்.

இந்தப் பூச்சி கதையில் சைதாப்பேட்டையும் இருக்கிறது என்பது ஊர் திரும்பிப் படித்தபோதுதான் தெரிந்தது. 1780களின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், ஸ்பெயினின் இந்த ஏகபோகத்தை உடைக்க நினைத்து சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். செடி ரெடி, பூச்சி வரவில்லை. 1795-இல் ஒரு படை அதிகாரி பிரேசிலிலிருந்து கொண்டுவந்து சேர்த்தது வேறு இனப் பூச்சி. சாயம் மட்டம். ஆனால் பசி அபாரம். தென்னிந்தியாவில் பரவிக் கிடந்த ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியையே தின்று தீர்த்துவிட்டது. சாயம் காய்ச்சப் போய்க் களை எடுத்த கதை. என் சிறுவயதில் கண்மாய்க் கரையில் சப்பாத்திப் பழம் பறித்து வாய் சிவக்கத் தின்றபோது, அது மெக்சிகோ பக்கத்துச் செடியின் சொந்தம் என்று யார் சொன்னார்கள்.

சரி, பூத்தையலுக்கு வருகிறேன். ஒஹாக்காவில் என்னை நிறுத்தி வைத்தது சாயம் இல்லை, ஒரு சவால். ஒக்கோத்லான் பக்கத்தில் சான் அந்தோனினோ காஸ்தியோ வெலாஸ்கோ என்று ஓர் ஊர். பூ வளர்க்கும் ஊர், ரவிக்கையிலும் பூ. பான்சிப் பூக்களை ஒரே பூவுக்குள் நிறம் மங்கி மங்கி மாறும்படி தைக்கிறார்கள். அதன் மார்புப் பகுதிக்குக் கீழே துணியைச் சுருக்கிக் கொசுவமாக்கும் இடத்தில், மேலோட்டமாகப் பார்த்தால் ஏதோ சரிகைக்கரை மாதிரி தெரிகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் மனிதர்கள். கைகோத்து வரிசையாக நிற்கும் குட்டிக் குட்டிப் பொம்மை மனிதர்கள். கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பையும் பிடித்து நிறுத்தும் தையலே அந்த மனிதர்கள்தான். பிரித்தால் மனிதர்களும் போவார்கள், கொசுவமும் போகும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஆஸ்மே சி புவேதெஸ்: ‘முடிஞ்சா என்னைச் செய்’.

படத்தைப் பெரிதாக்கி அப்பாவுக்கு அனுப்பினேன். வெகு நேரம் நீல டிக் மட்டும் இருந்தது. பிறகு ஒரு குரல் பதிவு: “இத நான் செய்ய மாட்டேன்.” அவர் வாயிலிருந்து வந்த மிகப் பெரிய பாராட்டு அதுதான் என்று நினைக்கிறேன்.

மரபு என்றால் மாறாதது என்ற நினைப்போடு போன எனக்கு சியாப்பாஸ் மாநிலத்து சினக்கந்தான் ஒரு அடி கொடுத்தது. பழைய படங்களில் அந்த ஊர்க்காரர்கள் மெல்லிய சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட எளிய துணி உடுத்தியிருக்கிறார்கள். பின்னாளில் பூ விவசாயம் வந்து பெருகியது. மலைச்சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூடாரம், உள்ளே சாமந்தியும் ரோஜாவும். துணியிலும் பூ ஏற ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கோடுகளை மூடி, இன்று நீலம் ஊதா என்று துணி தெரியாத அளவுக்குப் பூ. நிறமும் வடிவமும் அடிக்கடி மாறும். போன வருடத்து ஊதாவைப் போட்டு வந்தால் இளம்பெண்கள் சிரிப்பார்கள். இதில் நிறைய தையல் மெஷினில் போடப்படுகிறது.

மெஷினா என்று முகம் சுளிக்கும் கூட்டத்தை நான் அங்கே நிறைய பார்த்தேன், பெரும்பாலும் சுற்றுலா வந்தவர்கள். அவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. தெஹுவாந்தெபெக் நிலஇடுக்கில் ஹுசித்தான் நகரத்து சப்போத்தெக் இனப் பெண்கள், சங்கிலித்தையல் போடும் மிதிமெஷினில் கோடு மேல் கோடாக அடுக்கிப் போடும் ரவிக்கைகள் இருக்கின்றன. இரும்பு இரும்பாக அழுத்தமான தையல். அதே ஊரின் வெல்வெட் பாவாடையில் வரும் பெரிய பூக்கள், 1565 முதல் 1815 வரை மணிலாவிலிருந்து அகபுல்கோவுக்கு வந்துகொண்டிருந்த கப்பல்களில் ஏறிய சீனப் பட்டுச் சால்வைகளின் வழியாக வந்தவை என்பார்கள். ஓவியர் ஃப்ரீடா காலோ உடுத்தியதால் உலகமே அறிந்த உடை. சீனப் பூ, ஐரோப்பிய வெல்வெட், மிதிமெஷின். அதனால் அது ஹுசித்தான் உடை இல்லை என்று அந்த ஊர்ப் பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள். எங்கள் அப்பாவின் மெஷினும் வெளிநாட்டுக் கண்டுபிடிப்புதான், ஆனால் அதில் தைத்தது முழுக்கத் திருமங்கலம்.

கருவியின் ஆதியையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. மகெய் என்னும் கற்றாழையின் மடல் நுனியில் கருமுள் இருக்கும். அந்த முள்ளை உடைத்து மெதுவாகக் கீழே இழுத்தால் மடலின் நாரும் அதோடு சேர்ந்து உரிந்து வரும். ஊசியும் நூலும் ஒன்றாக, கோக்க வேண்டிய வேலையே இல்லாமல். ஸ்பானியர் இரும்பு ஊசி கொண்டுவரும் முன் அந்த மண்ணில் இப்படியும் தைத்திருக்கிறார்கள்.

2019 ஜூனில், நான் ஊர் திரும்பத் தயாராகிக்கொண்டிருந்த நேரம், மெக்சிகோப் பத்திரிகைகளில் என் சேவலின் சொந்தக்காரர்கள் வந்தார்கள். கரோலினா ஹெர்ரேரா என்ற நியூயார்க் ஆடை நிறுவனம் வெளியிட்ட புதிய வரிசையில் தெனாங்கோ மிருகங்கள், தெஹுவாந்தெபெக் பூக்கள், சல்தீயோ கம்பளத்தின் வண்ணக்கோடுகள். மெக்சிகோவின் பண்பாட்டு அமைச்சர் அலெஹாந்த்ரா ஃப்ராவுஸ்தோ அந்த நிறுவனத்துக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். எந்த உருவம் எந்த ஊருடையது என்று ஒவ்வொன்றாகக் குறித்து, அந்த ஊர்க்காரர்களுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்டார். மெக்சிகோவுக்குச் செய்த மரியாதை என்பது நிறுவனத்தின் பதில். அதற்கு நான்கு வருடம் முன்பே ஒஹாக்காவின் தலாஹுய்தோல்தெப்பெக் ஊர் ரவிக்கையை ஒரு பிரெஞ்சு வடிவமைப்பாளர் அப்படியே எடுத்த சண்டை நடந்திருந்தது. கடைசியில் 2022 ஜனவரியில் சட்டமே வந்தது. பழங்குடிச் சமூகங்களின் உருவங்கள் அந்தச் சமூகத்தின் கூட்டுச் சொத்து, அனுமதி இல்லாமல் எடுத்து விற்றால் குற்றம்.

நல்ல சட்டம். எனக்கு அதில் மாற்றுக்கருத்து இல்லை. நியூயார்க்கில் அச்சடித்தால் 80 மணி நேரம் ஒரு நொடியில் காணாமல் போகிறது, அது திருட்டுதான். ஆனால் கெரேத்தாரோ சதுக்கத்தில் 900-ஐ 700 ஆக்கியவனை எந்தச் சட்டமும் தொடாது. பெரிய நிறுவனம் உருவத்தை எடுத்தது, நான் நேரத்தை எடுத்தேன். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தச் செய்தியை மற்றவர்களைப் போலக் கோபமாகப் பகிர எனக்கு விரல் வரவில்லை.

பூத்தையலை விற்காமல் செய்பவர்களையும் சொல்லாமல் விட முடியாது. மெக்சிகோவில் போதைக்கடத்தல் வன்முறையில் கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் ஆயிரக்கணக்கில். 2011-இல் மெக்சிகோ நகரத்தில் ஃபுவெந்தெஸ் ரோஹாஸ் என்ற குழுவினர் கொயோக்கான் சதுக்கத்தில் உட்கார்ந்து, வெள்ளைக் கைக்குட்டைகளில் அவர்கள் பெயரையும் நடந்ததையும் தைக்கத் தொடங்கினார்கள். ஒருவருக்கு ஒரு கைக்குட்டை. கொல்லப்பட்டவருக்குச் சிவப்பு நூல். காணாமல் போனவருக்குப் பச்சை, இன்னும் வரலாம் என்பதால் பச்சை. வழியே போகிற யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து நாலு எழுத்து தைத்துவிட்டுப் போகலாம். துணி உலர்த்துவது போலக் கயிற்றில் மாட்டி வைப்பார்கள்.

ஊர் திரும்பும் முன் மனைவிக்கு ஒரு ரவிக்கை வாங்கினேன். மெக்சிகோ நகரத்து லகுனீயா ஞாயிற்றுச் சந்தை, பழைய சாமான் குவியல். பூவெப்லாவின் வடமலையைச் சேர்ந்தது என்றார் விற்றவர். கழுத்தைச் சுற்றிச் சதுரமாக ஒரு பட்டை, கைகளில் இரண்டு பட்டை, முழுக்கக் குறுக்குத்தையலில் எட்டு முனை நட்சத்திரங்களும் குதிரைகளும். மீதி வெறும் வெள்ளைப் பருத்தி. 450 பெசோ கேட்டார், கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை.

இந்த மலை ரவிக்கைகளில் ஒரு தந்திரம் உண்டு. பட்டையைத் தனித் துணியில் தைத்து முடித்துவிட்டு, அப்புறம்தான் ரவிக்கையோடு இணைப்பார்கள். வெள்ளைத் துணி சீக்கிரம் நைந்துபோகும். பட்டை நூல் ஏறி ஏறிக் கெட்டியாக இருப்பதால் நைவதில்லை. துணி கிழிந்ததும் பட்டையைப் பிரித்துப் புதுத் துணியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். ரவிக்கை செத்தாலும் பட்டை பிழைத்துக்கொள்ளும். இதைக் கேள்விப்பட்டபோது தலையாட்டினேன், அவ்வளவுதான்.

போன வருடம் மனைவியின் ரவிக்கை அக்குள் பக்கம் கிழிந்தது. மதுரை வெயிலும் வியர்வையும் அதற்குப் பழக்கமில்லை. வண்டியூர்ப் பக்கம் ஒரு பொட்டிக்கில் கொடுத்துப் பார்த்தாள். “இது தாங்காதுக்கா, ஃப்ரேம் போட்டு மாட்டிருங்க” என்றார்களாம். அப்பாவிடம் எடுத்துப் போனேன். கடையை மூடி ஆறு வருடம் ஆகிறது. கண் ஆபரேஷன் முடிந்து, மெஷின் மேல் துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறார். பட்டையைப் பிரித்து வேறு துணியில் வைக்க வேண்டும் என்று சொன்னேன். கூலி எவ்வளவு என்றும் கேட்டேன். “பேரம் பேசாமக் குடுக்கிறதா இருந்தா சொல்றேன்” என்றார்.

வழக்கம்போல் முதலில் திருப்பினார். வாசல் வெளிச்சத்தில் கண்ணருகே பிடித்து, சவரக் கத்தியை விரலிடுக்கில் வைத்து ஒவ்வொரு தையலாகத் தூக்கினார். கால் மணி நேரம் கழித்து, “டேய், இங்க வா” என்றார்.

பட்டையின் ஓரத்தில், அவர் அப்போது பிரித்த தையலின் ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. அதற்கு அரை விரல் உள்ளே தள்ளி இன்னொரு வரிசை. இன்னும் சின்ன ஓட்டைகள், நெருக்கமாக, கையால் தைத்தவை. ஓரிரு இடத்தில் மங்கிய மஞ்சள் நூலின் துணுக்குகூடச் சிக்கியிருந்தது. குதிரையின் கால் ஒன்று அந்த வரிசைக்கு அடியில் புதுத் தையலுக்குள் மடங்கிக் கிடந்தது.

“இது ஏற்கெனவே ஒருத்தர் பிரிச்சுத் தச்சது” என்றார். “ஒரு தடவையா ரெண்டு தடவையான்னு தெரியல.”

நான் ஐம்பது வருடப் பழசா இருக்குமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. வெள்ளை மல் துணியை அளந்து வெட்டிப் பட்டைக்கு அடியில் வைத்தார். மெஷின் வேண்டாம், அது கண்ட இடத்தில் புது ஓட்டை போட்டுத் துணியைக் கிழித்துவிடும் என்றார். 9-ஆம் நம்பர் ஊசியில் என்னைத்தான் நூல் கோக்கச் சொன்னார். கோத்துக் கொடுத்தேன். உள்ளே இருந்த அந்தப் பழைய வரிசையைக் கட்டைவிரல் நகத்தால் தடவித் தடவிக் கண்டுபிடித்து, ஒவ்வொரு ஓட்டை வழியாகவே ஊசியை விட்டு வாங்க ஆரம்பித்தார்.